குருவி எங்கே என்று கேட்டார்கள்

மேசையின் மேல் என் படங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததால் அவை பறந்துவிடாமல் இருக்க ஒன்றின் மேல் தொப்பி, இன்னொன்றின் மேல் பிளேன்டீக் கோப்பை, மற்றொன்றின் மேல் கைவிலங்கு. கைவிலங்கை அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பொலிஸ் சார்ஜன் ஒரு படத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"மே மொகத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"குருல்லெக், மாத்தயா." குருவி ஐயா என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"கோ? குருல்லா கோ?" குருவி எங்கே?

நானும் எட்டிப் பார்த்தேன். தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் நிற்கும் ட்ரான்ஸ்போமர்தான் படம் முழுக்க இருந்தது. இரண்டு கம்பம், பெரிய இரும்புப் பெட்டி, கம்பிகள், மண்டையோடு போட்ட மஞ்சள் தகடு, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. குருவியைத்தான் காணவில்லை.

அவருக்குப் பின்னால் நடையின் முடிவில் கம்பிக்கதவு. அதற்குள் சிமெந்துத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என் மகன் ரவி.

போன வாரம் இதே பக்கத்தில் பிள்ளைக்காம்பராவைப் பற்றி எழுதியிருந்தேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் கைக்குழந்தைகளுக்கு ஏணை ஆட்டிய ஆயாவுக்குப் பொலிஸில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். எந்த டவுன் பொலிஸ் என்று மட்டும் எழுத மாட்டேன். எங்கள் தோட்டம் றக்வானைக்கு மேலே மலைப்பக்கம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

உள்ளே விழுந்த குருவி

எல்லாம் ஒரு ஆறுமணிக்குருவியால் வந்தது.

ஐப்பசி மழையோடு அது எங்கள் பக்கம் வரும். விடியும்போது ஒரு விசில், பொழுது சாயும்போது ஒரு விசில். அதைக் கேட்டுத்தான் நாங்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுவோம். சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். குருவியைப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கொழுந்து எடுப்பவளுக்குக் கண் எப்போதும் செடியில்தான். நிமிர்ந்தால் கங்காணி, "அங்க என்னா, ஆகாசத்துலயா கொழுந்து வெளயுது?" என்று சத்தம் போடுவார். அப்படியே என் வாழ்க்கையில் பாதிக்கு மேல் குனிந்தே போய்விட்டது.

முழங்கால் வலி வந்த பிறகு என்னைப் பிள்ளைக்காம்பராவில் போட்டார்கள். ஒருநாள் பால் கலக்கிக்கொண்டிருந்தபோது கதவு வழியாக ஏதோ வந்து சுவரில் மோதித் தரையில் விழுந்தது. யாரோ கல் எறிந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் குருவி. கையில் எடுத்தேன்.

நான் பயந்தே போனேன். பச்சை முதுகு, சிறகில் ஆகாச நீலம், வயிற்றுக்குக் கீழே குங்குமம் கொட்டியது போல் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டிய மாதிரிக் கறுப்பு. ஒரு கைப்பிடி உடம்பில் இத்தனை நிறமா? நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சா என் நெஞ்சா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தலையை உதறிக்கொண்டது. வாசலில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு தத்துத் தத்தி, தேயிலைக்குள் போய்விட்டது. உள்ளேயிருந்து அந்த விசில் வந்தது.

அந்தச் சத்தம் இதனுடையதா! இவ்வளவு காலமும் என் காலடியிலா இருந்தது?

அன்றிலிருந்து என் கழுத்து நிமிர்ந்துவிட்டது. ஏணைக் கயிற்றை ஆட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நாள்தோறும் ஒரு திடுக்கிடல்தான். காக்காய் என்று நினைத்திருந்த ஒன்றுக்கு வால் நுனியில் இரட்டைப் பிளவு இருந்தது. கொண்டைக்குருவி பறக்கும்போது வாலடியில் சிவப்புத் தெரிந்தது. வாலாட்டி ஒன்று ஓடைக்கல்லில் நின்று, யாரும் பார்க்காதபோதும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் முன்னாலும் இங்கேதான் இருந்திருக்கும். அதை நினைக்கும்போதுதான் எனக்குத் தலை சுற்றியது.

படங்குக்குள் கெமரா

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு இருந்தது ரவி ஒருவன்தான். கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்கு நின்றான். தீபாவளிக்கும் தேருக்கும் வருவான். ஒரு தடவை பழைய ஃபிலிம் கெமரா ஒன்று கொண்டுவந்தான். தேருக்கு நாலு படம் எடுத்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த முறை வந்தபோது கேட்டேன். கேட்கவே எனக்குக் கூச்சம்.

"அந்த கெமராவுல குருவிய புடிக்கலாமாடா?"

"குருவியயா? ஏம்மா, ஒங்களுக்குப் புடிக்க வேற ஆளே இல்லையா?"

"ஆளுன்னா எனக்கு வெக்கமா இருக்கு."

அவன் சிரித்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தான். "இந்த ஓட்டைக்குள்ள பாருங்க. மூச்ச புடிச்சிக்கிட்டு மெதுவா அமுக்குங்க. வெரல கண்ணாடிக்கு முன்னால வெச்சிராதீங்க."

நான் கூச்சக்காரி. கடைக்குப் போனாலும் மற்றவர்கள் வாங்கி முடியும்வரை ஓரமாக நிற்பவள். கெமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தோட்டத்தில் நடக்க முடியுமா? சிரிப்பார்கள். அதனால் அதைத் துவாய்த் துண்டில் சுற்றி, பழைய படங்குக்குள் வைத்து இடுப்போடு கட்டிக்கொள்வேன். யாராவது வந்தால் செடிக்குள் குந்திக்கொள்வேன். போன பிறகு எழுந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு எடுப்பேன்.

அப்படியும் பக்கத்துக் காம்பரா லெட்சுமியிடம் ஒருநாள் அகப்பட்டேன்.

"என்னா பாருவதி, செடிக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு? கள்ளத் தொடுப்பா?"

"சும்மா இரு புள்ள. குருவி பாக்குறேன்."

"இந்த வயசுல குருவியா! நம்ம வீட்டுக் கூரையில கோழி ஏறி நிக்கிது, அத வந்து எடு. முட்டை போட்டா ஒனக்கு ஒண்ணு தாறேன்."

லெட்சுமிக்கு அது தமாஷ். பின்னால் பொலிஸில் என்னைக் கேட்டார்கள்: ஏன் ஒளித்துக்கொண்டு போனாய், ஏன் தனியாகப் போனாய், ஏன் ஆளைக் கண்டதும் பதுங்கினாய்? வெட்கம் என்று சொன்னேன். நம்பவில்லை. எனக்கே கேட்க நம்பும்படியாக இல்லை.

கிளையும் கம்பியும்

முதல் ரோலை ரவி கழுவிக் கொண்டுவந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் வெறும் கிளை. நான் அமுக்குவதற்குள் குருவி போயிருக்கும். இல்லையென்றால் இலை மறைத்திருக்கும். ஒரு படத்தில் என் பெருவிரல்.

பிறகு ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். சவுக்கு மரத்தில் உட்காரும் குருவி நிற்காது. கரண்டுக் கம்பியில் உட்காரும் குருவி அசையாமல் இருக்கும். இலை மறைக்காது. பின்னால் ஆகாசம் மட்டும்தான். அதனால் கம்பி போகும் இடமெல்லாம் நானும் போனேன். ஸ்டோருக்குப் பின்னால் ட்ரான்ஸ்போமர். ஆற்றுப் பாலத்தின் கைப்பிடியில் தவிட்டுக்குருவிகள் வரிசையாகக் குந்தும், அங்கேயும் போனேன். மலை உச்சியில் இருக்கும் டவரில் ஒரு கழுகு வந்து இருக்கும். மூச்சு வாங்க அங்கேயும் ஏறினேன்.

அது வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ட்ரான்ஸ்போமருக்கும் டவருக்கும் குண்டு வைக்கிறார்கள் என்று ரேடியோவில் சொல்வார்கள். கொழும்பில் எங்காவது வெடித்தால் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பொலிஸ் ஜீப் வரும். பையன்களை வரிசையில் நிறுத்தி அடையாள அட்டை பார்ப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ரேடியோவில் சொல்லும் ட்ரான்ஸ்போமர் வேறு, மீன்கொத்தி உட்காரும் ட்ரான்ஸ்போமர் வேறு என்று என் மனதில் இருந்தது போலும்.

தீபாவளிக்கு ரவி வந்தான். கடைக்குள் போய்ப் பேச எனக்குக் கூச்சம் என்பதால் இரண்டாவது ரோலையும் அவன் கையில் கொடுத்தேன். டவுனில், நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் ஸ்டூடியோ இருந்தது. அவர் ரோலை இரத்தினபுரிக்கு அனுப்பிக் கழுவித் தருவார். உறையில் ரவியின் பெயர்தான் இருந்தது.

சில நாள் கழித்துப் படத்தை வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. மாலையில் லெட்சுமி ஓடி வந்தாள். இந்த முறை அவள் முகத்தில் தமாஷ் இல்லை.

"பாருவதி, ஒம் மவன ஸ்டூடியோவுல வெச்சு புடிச்சிட்டாங்களாம். ஜீப்புல ஏத்திட்டாங்களாம்."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் அதை இறக்கவில்லை. அடிப்பிடித்த வாசம் வந்து லெட்சுமிதான் இறக்கினாள்.

புள்ளியைக் காட்டியவள்

மறுநாள் விடிந்ததும் கெமராவையும் எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கூட வந்தார். அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"இந்தப் படமெல்லாம் நான் எடுத்தது" என்று சிங்களத்தில் சொன்னேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சிங்களம் வரும். சார்ஜன் என்னை மேலும் கீழும் பார்த்தார். எத்தனாம் வகுப்பு படித்தாய் என்றார். ஐந்து என்றேன். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். மகனைக் காப்பாற்ற வந்த தாய் பொய் சொல்கிறாள் என்று அவருக்கு முடிவு.

பிறகுதான் மேசையில் படங்களைப் பரப்பி, குருல்லா கோ என்று கேட்டது.

பாலத்துப் படத்தில் கைப்பிடி மேல் பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. "மேவா?" இவை என்ன என்றார். தவிட்டுக்குருவிக்குச் சிங்களத்தில் 'தெமலிச்சா' என்று பெயர். தமிழரைச் சொல்லும் 'தெமல' என்ற சொல் அதற்குள் இருக்கிறது. கூடிக் கத்துவதால் அப்படி வைத்தார்களோ என்னவோ. அந்த இடத்தில், அந்த நேரத்தில், அதை எப்படிச் சொல்வது? மெதுவாகச் சொன்னேன். எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். கம்பிக்கதவுப் பக்கம் பார்த்தேன். ரவி தலையை நிமிர்த்தவில்லை.

ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. வந்தார். மெலிந்த ஆள், சத்தமாகப் பேசாதவர். அவரைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் பயம். ஒவ்வொரு படமாக எடுத்து, "ட்ரான்ஸ்போமர், பாலம், டவர், டவருக்குப் போற பாதை" என்று சொல்லி அடுக்கினார். அவர் அடுக்கிய விதத்தில் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. ஒரு குருவியும் தெரியாத படங்கள். ஒளித்து எடுத்த படங்கள். கொழும்பில் வேலை செய்யும் தமிழ்ப் பையனின் பெயரில் கழுவிய படங்கள். நான் பொலிஸாக இருந்தாலும் ஜீப்பை எடுத்திருப்பேன்.

"நாளைக்குக் காலையில மகனைக் கொழும்புக்கு அனுப்புவோம். அங்க அவங்க விசாரிக்கட்டும்" என்றார்.

கொழும்புக்குப் போன பையன்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும். சிலர் வருஷக்கணக்கில் வரவில்லை.

நான் எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போனேன். யாரும் கூப்பிடாமல் ஒரு ஆம்பிளையின் மேசைக்கு நான் போனது அதுதான் முதல். ட்ரான்ஸ்போமர் படத்தில் கம்பி மேல் இருந்த ஒரு புள்ளியில் விரலை வைத்தேன். "மே இன்னவா. இதோ இருக்கு" என்றேன்.

உளுந்தளவு புள்ளி. ஆனால் பக்கத்திலேயே அதே அளவில் இன்னும் சில புள்ளிகள் இருந்தன. கம்பியைத் தாங்கும் பீங்கான் குப்பிகள். நான் தொட்டது குருவியா குப்பியா? அன்றைக்கு மீன்கொத்தி அங்கே இருந்தது நிச்சயம். நான் அமுக்கிய நொடியில் இருந்ததா, பறந்துவிட்டதா? முதல் ரோல் முழுக்க வெறும் கிளைதானே வந்தது. விரலை எடுக்க முடியாமல் அப்படியே நின்றேன்.

நானா வந்தார்

அப்போது வாசலில், "சேர், கொஞ்சம் உள்ள வரலாமா?" என்று ஒரு குரல். ஸ்டூடியோ நானா. தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார். பொலிஸுக்குச் சொன்னது அவர்தான் என்று தலைவர் எனக்கு வழியிலேயே சொல்லியிருந்தார்.

நானா என்னைப் பார்த்தார். "தங்கச்சி, எனக்கும் புள்ளைங்க இருக்கு. இந்தப் படத்த கடையில வெச்சிருந்து யாரும் பாத்தா என்னயத்தானே தூக்குவாங்க? பயத்துல சொல்லிட்டேன். ராவெல்லாம் தூக்கமில்ல."

எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. பயத்தை எனக்குத் தெரியும்.

அவர் ஓ.ஐ.சி.யிடம் பணிவாகச் சொன்னார்: நெகட்டிவைத் தந்தால் இரத்தினபுரிக்குக் கொண்டுபோய் இந்தப் புள்ளியை மட்டும் பெரிதாக்கிக் கொண்டுவரலாம். குருவியா இல்லையா என்று தெரிந்துவிடும். ஓ.ஐ.சி. யோசித்தார். நெகட்டிவை ஒரு கான்ஸ்டபிள் கையில் கொடுத்து நானாவோடு அனுப்பினார். அந்த ட்ரான்ஸ்போமர் படத்தைத்தான் கொடுத்தார். "இதுல குருவி இல்லன்னா மத்ததைப் பாக்கத் தேவையில்ல" என்றார்.

பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்து மழை பகலில் தொடங்கினால் சீக்கிரம் விடாது. அன்றைக்கும் பெய்தது. ஈர யூனிஃபோர்ம் வாடை. முற்றத்து மாமரத்தில் ஏதோ ஒரு குருவி நனைந்துகொண்டு கத்தியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் அதையும் குற்றமாக எடுப்பார்களோ என்று பயம். ரவிக்குச் சோறு கொண்டுவந்திருந்தேன். கொடுக்க விட்டார்கள். அவன் வாங்கும்போது, "அம்மா, நெசமா குருவி இருந்துச்சா?" என்று கேட்டான்.

"இருந்துச்சுடா" என்றேன். வேறு என்ன சொல்வது?

பெரிய படம்

விளக்குப் போடும் நேரத்தில் நானாவும் கான்ஸ்டபிளும் வந்தார்கள். நானாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பொலித்தீன் பைக்குள் மட்டை, மட்டைக்குள் படம். ஓ.ஐ.சி.யின் மேசையில் வைத்துப் பிரித்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

கொஞ்சம் கலங்கலாக, மணல் தூவியது போல இருந்தது. ஆனாலும் அங்கே இருந்தது. மீன்கொத்தி! தவிட்டு நிறத் தலை, வெள்ளை நெஞ்சு, நீல முதுகு, மிளகாய்ப் பழம் போல் அலகு. குப்பிக்குப் பக்கத்தில், குப்பியை விடக் கொஞ்சம் பெரிய ஆளாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதுமட்டுமா! அந்த அலகில் ஒரு அரணை. வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் தொங்கியது. கல்யாண வீட்டில் பெரிய மீன் துண்டு கிடைத்தவர் மாதிரி, விழுங்கவும் முடியாமல் விடவும் மனமில்லாமல் முழித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு என் கண்ணுக்கு அந்த அரணை தெரியவே இல்லை. நான் பார்க்காததை என் படம் பார்த்து வைத்திருக்கிறது!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்துவதற்குள் சத்தமாகவே வந்துவிட்டது. பொலிஸ் ஸ்டேஷனில், அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில், என் பிள்ளை கம்பிக்குள் இருக்கும்போது நான் சிரித்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரியவில்லை.

ஓ.ஐ.சி. படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"பிலிஹுடுவா" என்றார். மீன்கொத்திக்கு அவர்கள் சொல்லும் பெயர். பிறகு மற்றப் படங்களில் இருந்த புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தார். சார்ஜனும் குனிந்தார். "மெதன எகெக்" இங்கே ஒன்று என்று சார்ஜன் சொன்னபோது அவர் குரலே மாறியிருந்தது.

படங்களையும் நெகட்டிவையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். கெமராவைத் திருப்பித் தந்தார்கள். ஓ.ஐ.சி. விரலை நீட்டிச் சொன்னார்: "இனிமே கம்பத்துல இருக்கிற குருவிய எடுக்காத. மரத்துல இருக்கிறத எடு."

"மரத்துல இலை மறைக்குதே, மாத்தயா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. நானா என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

ரவியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். செருப்பு ஒன்று கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு வந்தான்.

கடைசி பஸ்

மலைக்குப் போகும் பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தோம். தலைவர் முன்னால் இருந்தார். வளைவுக்கு வளைவு ரவி என் மேல் சாய்ந்தான், நான் அவன் மேல் சாய்ந்தேன்.

"அம்மா."

"என்னாய்யா?"

"அந்தப் பெரிய படத்த பாத்து நீங்க சிரிச்சீங்கல்ல. அதுவரைக்கும் எனக்கு ஒடம்புல உசுரே இல்ல. நீங்க சிரிச்ச ஒடனே, சரி, நம்மள விட்டுட்டாங்க, இல்லாட்டி அம்மா சிரிக்குமான்னு நெனச்சேன். அப்பத்தான் மூச்சு வந்துச்சு."

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அந்த நாளில் இன்னொரு பொய்யான விளக்கம் கேட்க எனக்குத் தெம்பில்லை, சொல்லவும் தெம்பில்லை.

"இல்லய்யா. விடுவாங்களா மாட்டாங்களான்னு அப்ப எனக்குத் தெரியாது. அந்த மீன்கொத்தி வாயில அரணைய வெச்சுக்கிட்டு முழிச்சுச்சு. அதப் பாத்துத்தான் சிரிச்சேன். நீ உள்ள இருக்கிறதே அந்த நேரம் மறந்துபோச்சு."

ரவி என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். வாய் திறந்தபடி இருந்தது. பொலிஸில் கூட அவன் அப்படி முழித்து நான் பார்க்கவில்லை. பஸ் ஒரு வளைவு திரும்பியது. இன்னொரு வளைவும் திரும்பியது.

"நல்ல வேளம்மா," என்றான். "அது எனக்கு அப்ப தெரியல."